குஞ்சுத் தீவனத்தில் நார்: உச்சவரம்பு உண்டு, கீழ்வரம்பு ஏன் இல்லை?

சென்ற மாதம் எங்கள் துறையின் ஆய்வரங்கில் என் அடுத்த சோதனைக்கான திட்டத்தை முன்வைத்தேன். பொரித்த நாள் முதல் பத்து நாள் வரை கறிக்கோழிக் குஞ்சுகளின் தீவனத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு நெல் உமி. அதுவும் மாவாக்காமல், கரடாக உடைத்த உமி. மூன்றாவது படவில்லையில் இருந்தபோதே மூத்த பேராசிரியர் ஒருவர் கையை உயர்த்தினார். "தீவனத்தில் உமி கலப்பவர்களைப் பிடிப்பதற்காகத்தான் தரநிலை எழுதி வைத்திருக்கிறோம். நீங்கள் அதையே முனைவர் பட்டத்துக்குரிய பொருளாக்கப் பார்க்கிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு விடுதி அறைக்குத் திரும்பி நெடுநேரம் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதில் பிழையில்லை. உமி கலந்த தீவனத்தை வாங்கி ஏமாந்த பண்ணையாளர்கள் இந்நாட்டில் எண்ணற்றோர். ஆயினும் அக்கேள்விக்குள் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. அது பற்றியே இந்த நீண்ட பதிவு. கால்நடை மருத்துவமும் விலங்கு ஊட்டவியலும் பயிலும் தம்பி தங்கையர் இதைப் படிக்க வேண்டும் என விரும்புகிறேன். மறுக்க விரும்பும் ஆசிரியர்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும் எனவும் விரும்புகிறேன்.

அந்த முன்முடிவு இதுதான்: கோழிக்கு நார் என்பது சத்து அன்று, சத்து இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும் வெற்றுப்பொருள். இந்தியத் தர அமைவனத்தின் கோழித் தீவனத் தரநிலையைப் புரட்டிப் பாருங்கள். புரதத்துக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. லைசினுக்கும் மெத்தியோனினுக்கும் உண்டு. நாருக்கோ 'இதற்கு மேல் போகக்கூடாது' என்ற ஒற்றை வரி மட்டுமே. உலகெங்கும் மாணவர்கள் கையில் புரளும் 1994-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் கோழிச் சத்துத்தேவை நூலிலும் நாருக்கென ஒரு தேவை குறிக்கப்படவில்லை. கணினியில் குறைந்த செலவுக் கலவைக் கணக்குப் போடுகிறவருக்கும் நார் ஒரு மேல்வேலி மட்டுமே. அவ்வேலியைத் தொடாமல் எவ்வளவு கீழே வேண்டுமானாலும் போகலாம். கீழே போகப் போகத் தீவனம் 'தரமானது' என்று பெயர் பெறும்.

இளங்குஞ்சைப் பொறுத்தவரை இது தவறு என்பது என் துணிபு. குஞ்சின் செரிமான மண்டலம் உருவாகும் முதல் பத்து நாட்களில், கரையாத, கரடான நார் குறைந்தபட்சம் இவ்வளவு இருந்தாக வேண்டும் என்றொரு கீழ்வரம்பு வேண்டும்.

முதலில் குஞ்சைப் பார்ப்போம். முட்டை ஓட்டை உடைத்து வெளிவரும் குஞ்சு, தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலான மஞ்சட்கருவை வயிற்றுக்குள் சுமந்தே வருகிறது. அதுவரை அதன் உணவு பெரும்பாலும் கொழுப்பு. ஒரே நாளில் அது மாச்சத்து மிகுந்த திட உணவுக்கு மாற வேண்டும். இருபத்தொரு நாள் கருவாக இருந்த உடலுக்கு இது சிறிய மாற்றமன்று. எஞ்சிய மஞ்சட்கரு ஏறத்தாழ நான்கைந்து நாட்களில் கரைந்துவிடும். அதற்குள் குடல் பணிக்குத் தயாராக வேண்டும். ஆகவே முதல் வாரத்தில் உடலின் மற்ற உறுப்புகளை முந்திக்கொண்டு குடல் வளர்கிறது. குடலுறிஞ்சிகள் நீள்கின்றன. கணையம் பெருக்கிறது. உடல் எடையோடு ஒப்பிடுகையில் சிறுகுடலின் எடை ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்ல இறங்குகிறது. இன்றைய கறிக்கோழிக் குஞ்சு நாற்பது கிராம் எடையில் பிறந்து, ஏழாம் நாளில் அதைப் போல நான்கு மடங்குக்கும் மேலாகிறது. நாற்பது நாளுக்குள் விற்பனைக்குப் போய்விடும் பறவைக்கு முதல் பத்து நாள் என்பது வாழ்நாளின் கால்பங்கு.

இந்த வளர்ச்சியைத் தூண்டுவது எது? குடலுக்குள் உணவு வந்து சேர்வதே முதல் தூண்டல். பொரிப்பகத்திலிருந்து பண்ணைக்கு வர ஒன்றரை நாள் தாமதமானால் குடலுறிஞ்சிகளின் வளர்ச்சியும் தள்ளிப்போகிறது என்பதை எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தொண்ணூறுகளிலேயே விரிவாகக் காட்டிவிட்டனர். இது இப்போது பாடநூல் அறிவு. ஆனால், வந்து சேரும் உணவின் உருவமும் ஒரு தூண்டல் என்பது நம் வகுப்பறைகளுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

கோழிக்குப் பல் இல்லை. பல்லின் வேலையை அரைவைப்பை செய்கிறது. தீனிப்பையில் ஊறிய உணவு முன்னிரைப்பைக்கு வந்து அமிலத்தையும் பெப்சினையும் பெற்று, அரைவைப்பைக்குள் இறங்குகிறது. தடித்த தசைகள் நிமிடத்துக்குச் சில முறை சுருங்கி அதை அரைக்கின்றன. அரைபட்டதில் ஒரு பகுதி மீண்டும் முன்னிரைப்பைக்குத் தள்ளப்பட்டு மறுபடி அமிலத்தில் நனைகிறது. பாலூட்டிகளின் ஒற்றை இரைப்பை செய்யும் வேலையைக் கோழியில் இந்த இரு அறைகளின் ஊசலாட்டம் செய்கிறது. குறிப்பிட்ட நுண்மைக்கு அரைபடாத துகளை அரைவைப்பை எளிதில் கீழே விடாது. கரடான நார் அங்கே அதிக நேரம் தங்குகிறது. தசை அதனோடு போராடுகிறது. போராடிய தசை பெருக்கிறது. தங்கும் நேரம் கூடுவதால் அமிலம் கூடுகிறது. அமிலம் கூடுவதால் புரதச் செரிமானம் தொடக்கத்திலேயே நன்கு நடக்கிறது. உணவோடு வரும் கிருமிகளில் பல அங்கேயே மடிகின்றன. கீழே இறங்கும் கூழ் ஒரே சீராக இறங்குவதால் கணையநீரும் பித்தநீரும் அதனோடு நன்கு கலக்கின்றன.

இதற்கு மாறாக, நுண்ணிய மாவாக அரைத்து நீராவியில் வேகவைத்துக் குச்சியாக அழுத்திப் பின் குருணையாக உடைத்த தீவனம் குஞ்சுக்குக் கிடைக்கும்போது என்ன நிகழ்கிறது? குருணை பார்வைக்குக் கரடாகத்தான் இருக்கும். தீனிப்பையின் ஈரம் பட்டதும் அது மாவாகக் கரைந்துவிடும். அரைவைப்பைக்கு அரைக்க ஒன்றுமில்லை. அது வெறும் வழிநடை மண்டபமாகிவிடுகிறது. பிணக்கூறாய்வு செய்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதே: ஊதிப் பெருத்த முன்னிரைப்பை, அதன் கீழே தளர்ந்து சிறுத்த அரைவைப்பை, இரண்டுக்கும் இடையே எல்லையே தெரியாத நிலை. நார் குறைந்த தீவனத்துக்கும் முன்னிரைப்பை வீக்கத்துக்கும் உள்ள தொடர்பை ரிடெல் 1976-இலேயே ஆய்விதழில் எழுதிவிட்டார்.

அதன்பின் வந்த சான்றுகள் பல. எனக்கு முதன்மையாகத் தோன்றுபவற்றை மட்டும் சொல்கிறேன். நார்வேயில் ஹெட்லாண்டும் ஸ்வீஹுஸும் ஓட்ஸ் உமியையும் மரச்சீவலையும் கொண்டு செய்த சோதனைகள், 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இத்துறையின் பார்வையையே திருப்பின. கரையாத நாரை மிதமான அளவில் சேர்த்தபோது அரைவைப்பை பெருத்தது. மாச்சத்தின் செரிமானம் குறையவில்லை, கூடியது. ஸ்பெயினில் மாட்ரிட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மத்தேயோஸ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர்கள் மக்காச்சோளத்தையும் அரிசியையும் அடிப்படையாகக் கொண்ட தீவனங்களில் மூன்று சதவீத ஓட்ஸ் உமியையோ சோயா உமியையோ சேர்த்து, முதல் நாளிலிருந்து மூன்று வாரம் வரை குஞ்சுகளைக் கவனித்தனர். அரைவைப்பை எடை கூடியது. அதன் உள்ளடக்கத்தின் அமிலத்தன்மை கூடியது. சத்துகளின் செரிமானமும் தீவனத்தின் வளர்சிதை ஆற்றலும் உயர்ந்தன. வெற்றுப்பொருளைச் சேர்த்தால் ஆற்றல் குறைய வேண்டும் என்று நம் பெருக்கல் வாய்பாடு சொல்லும். குஞ்சின் உடல் அந்த வாய்பாட்டின்படி நடக்கவில்லை. அரிசித் தீவனம் என்ற சொல்லை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கிய பின் நம் தீவன ஆலைகள் குருணை அரிசியை நாடுவது கூடியிருக்கிறது. மக்காச்சோளத்தில் இரண்டு சதவீத அளவிலாவது நார் இருந்தது. குருணை அரிசியில் அதுவும் இல்லை.

'நார்' என்ற ஒரே சொல்லால் நாம் முற்றிலும் வேறான இரண்டு பொருள்களைச் சுட்டுகிறோம் என்பதே இங்குள்ள பெருங்குழப்பம். கோதுமையின் அராபினோசைலனும் பார்லியின் பீட்டா குளுக்கனும் கரையும் நார்கள். அவை குடலில் நீரை ஈர்த்துக் கஞ்சி போலத் தடிக்கின்றன, செரிமான நொதி உணவை எட்டாமல் தடுக்கின்றன, எச்சம் ஈரமாகிறது, ஆழ்கூளம் சேறாகிறது. ஆஸ்திரேலியாவில் சோக்டும் அன்னிசனும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோதுமையின் இந்தக் குணத்தைத் தெளிவாக நிறுவினார்கள். சைலனேஸ் முதலிய நொதிகள் தீவனத்தில் வழக்கமானதற்கு அந்த ஆய்வுகளும் ஒரு காரணம். நுண்ணுயிர்க் கூட்டம் இன்னும் நிலைபெறாத முதல் வாரக் குஞ்சுக்குக் கரையும் நாரை நொதிக்கவைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. பாகு மட்டுமே மிச்சம். ஆகவே 'நார் குஞ்சுக்குக் கேடு' என்ற அறிவு பொய்யன்று. அது ஒருவகை நாரைப் பற்றிய உண்மை. அதை உமிக்கும் ஓட்டுக்கும் சேர்த்து நீட்டியதுதான் பிழை.

அப்பிழைக்கு நம் ஆய்வுக்கூடமும் உடந்தை. கச்சா நார் என்று நாம் இன்றும் அளப்பது 1860-களில் ஜெர்மனியின் வேண்டே ஆய்வு நிலையத்தில் ஹென்னபெர்க்கும் ஸ்டோமானும் வகுத்த முறை. நீர்த்த அமிலத்தில் கொதிக்கவை, நீர்த்த காரத்தில் கொதிக்கவை, எஞ்சியதை எடை போடு, எரித்துச் சாம்பலைக் கழி. அந்தக் காலத்துக்கு அது பெருஞ்சாதனை. ஆனால் அந்தக் கொதிப்பில் பெக்டின் போய்விடுகிறது. ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதியும் லிக்னினில் ஒரு பகுதியும் போய்விடுகின்றன. சோயாப் பிண்ணாக்கின் கச்சா நார் நான்கோ ஆறோ சதவீதம் என்று சான்றிதழ் சொல்லும். மாச்சத்தல்லாத பலசர்க்கரைகளை முழுமையாக அளந்தால் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வரும். எது கரையும், எது கரையாது, துகள் எவ்வளவு பெரியது என்ற, குஞ்சின் குடலுக்கு மிகவும் பொருட்படும் மூன்று கேள்விகளுக்கும் அந்த எண்ணில் விடையில்லை. வான் சூஸ்ட் 1960-களில் தந்த நடுநிலைச் சோப்புநார் முறையை மாட்டுத் தீவனக்காரர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கோழிக்காரர்களாகிய நாம் மூட்டையின் முதுகில் இன்னும் வேண்டேயின் எண்ணையே அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி என் சொந்தப் பிழையொன்று. மாணவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் கூச்சமின்றி எழுதுகிறேன். என் முதல் சோதனையை ஆழ்கூளத் தரையில் நடத்தினேன். நார் சேர்த்த குழு, சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழு. கூளமாகப் பரப்பியது நெல் உமி. மூன்று வாரம் கழித்து அரைவைப்பைகளை எடைபோட்டபோது இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு ஏதுமில்லை. உமியால் பயனில்லை என்று எழுதத் தொடங்கியிருந்தேன். பிறகு, உள்ளடக்கத்தைக் கழுவிச் சல்லடையில் வடித்தபோது கட்டுப்பாட்டுக் குழுவின் அரைவைப்பைகளிலும் உமி! தீவனத்தில் நான் தராததைக் குஞ்சுகள் தரையிலிருந்து தாமே பொறுக்கித் தின்றிருக்கின்றன. என் சோதனையில் கட்டுப்பாட்டுக் குழு என்று ஒன்று இருக்கவே இல்லை.

நொந்துபோய் ஆய்விதழ்களைத் தேடியபோதுதான், கோழிகள் கூளத்தைத் தின்பது நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று என்பதும், தீவனத்தில் நார் குறையும்போது மரச்சீவலையும் இறகையும் கூடத் தேடிக் கொத்துகின்றன என்பதும் தெரிந்தன. கூண்டில் செய்த சோதனைகளில் நாரின் பயன் பெரிதாகத் தெரிவதற்கும், தரையில் செய்தவற்றில் மங்கித் தெரிவதற்கும் இதுவே முதன்மையான காரணம் என எண்ணுகிறேன். நம் நாட்டு ஆய்வேடுகள் பலவற்றில் 'ஆழ்கூள முறையில் வளர்க்கப்பட்டன' என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். கூளம் எது, அதன் ஆழம் என்ன, முதல் சில நாட்களுக்கு மேலே தாள் விரித்திருந்தார்களா என்ற விவரம் இராது. அந்த ஒரு வரி இல்லாமல் அந்த ஆய்வேட்டின் அரைவைப்பை எடைகளுக்குப் பொருளில்லை.

தோற்றுப்போன அந்தச் சோதனை எனக்கு வேறொன்றையும் சொன்னது. குஞ்சு தன் தேவையைத் தானே அறிவித்துவிட்டது. தானியத்தைத் தட்டு நிறைய வைத்திருக்கையிலும், சத்தே இல்லாத உமியை அது ஏன் பொறுக்க வேண்டும்? கோழியின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் என் பாட்டி குஞ்சுகளுக்கு நொய்யைத் தூவுவார். புற்றை உடைத்துக் கரையான் கொண்டுவருவார். மற்றபடி தாய்க்கோழி காலால் கிளறிக் காட்டும் குப்பையிலிருந்து புல்லையும் பதரையும் மணலையும் அவை தாமே எடுத்துக்கொள்ளும். (பாட்டியின் குஞ்சுகளில் பாதி பருந்துக்கும் கழிச்சலுக்கும் போனது, அந்த வாழ்க்கையை நான் பொற்காலமாகக் காட்ட வரவில்லை.) சொல்ல வருவது இவ்வளவே: கோழியின் செரிமான மண்டலம் கரடான உணவை எதிர்பார்த்து உருவானது. எதிர்பார்த்தது வராவிட்டால் அது முழுமையாக உருவாவதில்லை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். மிக வலிய எதிர்வாதம் செலவு. நூற்றுக்கு மூன்று பங்கு உமியை மக்காச்சோளத்தின் இடத்தில் வைத்தால் ஆற்றல் குறையும்; அதே ஆற்றலை மீட்க டன்னுக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ எண்ணெய் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். எண்ணெய் கிலோ 120 ரூபாய் என வைத்துக்கொண்டால் டன்னுக்கு 2400 ரூபாய் வரை. எந்தத் தீவன ஆலைக்காரரும் முகத்தைச் சுளிப்பார். ஆனால் நான் கேட்பது முதல் பத்து நாள் தீவனத்துக்கு மட்டும். அந்தப் பத்து நாளில் ஒரு குஞ்சு தின்பது 300 கிராம் அளவே. அப்படியானால் ஒரு குஞ்சுக்குக் கூடுதல் செலவு முக்கால் ரூபாய்க்குள். விலகிய மக்காச்சோளத்தின் விலையை இதில் நான் கழிக்கவில்லை. செரிமானம் உயர்வதால் மீளும் ஆற்றலையும் சேர்க்கவில்லை. இரண்டையும் கணக்கில் கொண்டால் தொகை இன்னும் குறையும். புரதத்தையும் அமினோ அமிலங்களையும் மறுசீர் செய்ய வேண்டும் என்பது உண்மை. அது கலவைக் கணக்கு தெரிந்தவருக்குக் கடினமன்று.

அடுத்தது உமியின் குணம். ஓட்ஸ் உமியைக் கொண்டு கண்ட முடிவை அப்படியே நெல் உமிக்குப் பெயர்த்துவிட முடியாது. நெல் உமியில் சிலிக்கா மிகுதி. எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும், அதில் பெரும்பங்கு சிலிக்காவே. மூன்று சதவீத உமி தீவனத்தின் அமிலத்தில் கரையாத சாம்பலை அரை சதவீத அளவுக்கு உயர்த்தும். தரநிலையில் அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்பதை ஆலைக்காரர் மறக்கக்கூடாது. கூர்மையான துகள்கள் இளங்குடலின் உட்சுவரைக் கீறுமா என்ற ஐயமும் நியாயமானது. திசுவியல் கண்ணாடித் தகடுகளைப் பார்க்காமல் எவரும் இதைப் பரிந்துரைக்கக் கூடாது. மழைக்காலத்தில் குவியலாகக் கிடந்த உமியில் பூஞ்சையும் அதன் நச்சும் இருக்கும்; இளங்குஞ்சின் ஈரல் அஃப்ளாடாக்சினைத் தாங்காது. சோயா உமி, நிலக்கடலைத் தோல், சூரியகாந்தி உமி, உளுத்தம் பொட்டு என்று நம் நாட்டில் கிடைப்பவை பல. ஒவ்வொன்றும் வேறு குணமுடையது. நிலக்கடலைத் தோல் என்றாலே எனக்குப் பூஞ்சை நச்சின் அச்சம் முந்திக்கொள்ளும். எதை எந்த அளவில், எந்தத் துகள் பருமனில் சேர்ப்பது என்பதற்கு நம் நாட்டுச் சோதனைகள் தேவை. நார்வேயும் ஸ்பெயினும் நமக்காக அதைச் செய்துதரப் போவதில்லை.

மிகுதியானால் தீங்கு என்பதையும் மறைக்கவில்லை. மூன்றில் கிடைக்கும் பயன் பத்தில் கிடைக்காது. அந்த அளவில் குஞ்சின் வயிறு நிறைந்துவிடும், சத்து நிறையாது. நுண்ணிய மாவாக அரைத்த நாராலும் இந்தப் பயன் கிட்டாது. அரைவைப்பைக்கு அரைக்க ஏதேனும் இருந்தால்தானே!

மூத்த பேராசிரியரின் கேள்விக்கு இப்போது மறுமொழி சொல்ல முடியும் என நினைக்கிறேன். உமி கலப்படமாவது அதன் இருப்பால் அன்று; அது மறைக்கப்படுவதால். எண்ணெய் நீக்கிய தவிட்டில் உமியை அரைத்துக் கலந்து தவிட்டின் விலைக்கு விற்பது திருட்டு. குஞ்சுத் தீவனத்தில் கரடான நார் இவ்வளவு உண்டு, இன்ன மூலத்திலிருந்து வந்தது என மூட்டையின் மேல் அச்சிட்டுச் சேர்ப்பது ஊட்டவியல். முதலாவதைத் தடுக்க வகுத்த உச்சவரம்பை நீக்க வேண்டும் என நான் கேட்கவில்லை. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த சாதாரணக் குஞ்சுத் தீவனத்தின் கச்சா நார் மூன்று சதவீதத்தைச் சற்றுத் தாண்டி நிற்கும். நாற்பது சதவீத அளவில் கச்சா நார் கொண்ட உமியில் மூன்று பங்கைச் சேர்த்தால் ஒன்றே கால் சதவீதத்துக்குள்தான் உயரும். ஐந்து, ஆறு என்று நிற்கும் உச்சவரம்புக்குள் அது அடங்கிவிடுகிறது. சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. அதன் அடியில் இன்னொரு வரியை எழுத வேண்டும், அவ்வளவே. அந்த வரி கச்சா நாரின் மொழியில் இராமல், கரையாத நார், துகள் பருமன் என்ற மொழியில் இருந்தால் கலப்படக்காரருக்கும் அதில் இடமிராது.

புறக்கடைக் கோழிகளைப் பற்றி ஒரு பத்தி. ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா முதலிய இனங்கள் ஊர்ப்புறக் குடும்பங்களுக்கு வழங்கப்படுகின்றன. சில வாரம் வெப்பமூட்டிய அடைகாப்பில் குஞ்சுத் தீவனம் தின்று வளர்ந்த பின், அவை முற்றத்துக்குத் திறந்துவிடப்படுகின்றன. அன்றிலிருந்து அவற்றின் உணவு புல், பூச்சி, உமியோடு கூடிய தானியம், வீட்டின் மிச்சம். அரைக்கவே பழகாத அரைவைப்பையோடு ஒரு பறவையை அந்த முற்றத்துக்கு அனுப்புகிறோம். அரைவைப்பை பிற்பாடும் பழகிக்கொள்ளும் உறுப்புதான். சில வாரங்களில் அது ஈடுகொடுக்கவும் கூடும். ஆனால் முற்றத்தின் முதல் சில வாரங்களே இழப்பு மிகுந்தவை என்பது கள ஊழியர் எவரும் சொல்வது. அந்த இழப்பில் பருந்தின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு, தயாராகாத குடலின் பங்கு எவ்வளவு? கறிக்கோழிக்கு நூறு ஆய்வுகள் நடந்தால் இந்தக் கேள்விக்கு ஒன்று நடப்பதில்லை. பத்துக் கோழி வைத்திருக்கும் பெண்ணுக்கு ஆய்வு நிதி தரும் நிறுவனம் ஏதுமில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சியூக்கியாகத் தரப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளை 2006-இன் முதல் நாளிலிருந்து நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது. அதன்பின் சந்தைக்கு வரும் ஒவ்வொரு பொடியும் 'நுண்ணுயிர்க்கொல்லிக்கு மாற்று' என்ற பட்டயத்தோடு வருகிறது. நாரையும் அந்த வரிசையில் நிறுத்திப் புட்டியில் அடைத்து விற்கும் நாள் தொலைவில் இல்லை. நார் மருந்தன்று. ரத்தக்கழிச்சலை அது தடுக்காது. கெட்ட நீரையும் நெரிசலையும் அது ஈடுசெய்யாது. நன்கு வளர்ந்த அரைவைப்பை ஒரு நல்ல வாயிற்காவலன். கோட்டைச்சுவர் இடிந்து கிடக்கையில் வாயிற்காவலனால் என்ன பயன்?

ஆய்வு மாணவர்களிடம் சில வேண்டுகோள்கள். அரைவைப்பையை எடைபோடுகையில் உள்ளடக்கத்தோடு ஒருமுறையும், காலியாக்கி ஒருமுறையும் எடைபோடுங்கள். தசை வளர்ந்ததா, பை நிறைந்திருந்ததா என்பது அப்போதுதான் பிரியும். உள்ளடக்கத்தின் அமில அளவைப் பறவை இறந்த உடனே எடுங்கள். தீவனத்தை நீரில் கரைத்துச் சல்லடையில் வடித்துத் துகள் பருமனைப் பதியுங்கள். குருணையின் பருமனை எழுதிவைத்தால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. கூளத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். மேலும், கட்டுப்பாட்டுக் குழுவின் வயிற்றையும் திறந்து பாருங்கள்.

வரும் புதன்கிழமை என் அடுத்த தொகுதிக் குஞ்சுகள் வருகின்றன. இம்முறை ஒரு பாதி கம்பிக் கூண்டில், மறுபாதி உமிக் கூளத்தில். இரண்டிலும் நார் சேர்த்ததும் சேர்க்காததும். கேள்வி கேட்ட பேராசிரியரையே பத்தாம் நாள் கூறாய்வுக்கு அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார், கத்தரிக்கோலைத் தாமே பிடிப்பதாகவும்.